வாய்க்காலின் குறுக்கே ஒரு குழி

பெலிஸ் நாட்டின் வடபகுதியில் ரியோ ஹோண்டோ ஆற்றுக்கும் நியூ ரிவர் ஆற்றுக்கும் நடுவே சதுப்புநிலங்கள் கிடக்கின்றன. சிறு விமானத்தில் ஏறிக் கோடைக்காலத்தில் மேலிருந்து பார்த்தால், அந்தக் கரும்பச்சைத் திட்டுகளின் ஓரங்களில் கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரியும். சில இடங்களில் நூல் பிடித்ததுபோல நேராக ஓடும். சில இடங்களில் ஆற்றின் பழைய போக்கை ஒட்டி வளைந்து வளைந்து போகும். கோடுகள் பழைய மாயா மக்கள் வெட்டிய வாய்க்கால்கள், இடையில் இருப்பவை அவர்கள் பயிர் வைத்த பாத்திகள் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வதற்குமுன் யாராவது அந்தச் சேற்றில் இறங்க வேண்டும். கோட்டின் குறுக்கே குழி வெட்டி, மண் எந்த வரிசையில் படிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் என் தொழில்.

மண்ணியல் படித்துவிட்டுத் தொல்லியல் குழுக்களோடு சேர்ந்தவன் நான். பிரமிடுகளை அகழ்பவர்களுக்குப் பச்சைக்கல் மணிகளும் எழுத்துப் பொறித்த கற்களும் கிடைக்கும். எங்களுக்குக் கிடைப்பது களிமண்ணும் கரித்துணுக்கும் நத்தை ஓடும்தான். ஆனால் திக்கால், லமனாய் ஆகிய மாயா நகரங்களில் அத்தனை உயரக் கோயில்களைக் கட்டியவர்களுக்கு யார் சோறு போட்டார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கோயில்களுக்குள் பதில் இல்லை. அது தாழ்நிலத்தில், முழங்கால் சேற்றில் இருக்கிறது.

இந்தக் கேள்வி எழுந்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அறிஞர்கள் பலரும் மாயா உழவு என்றால் மில்பா என்றே நினைத்தார்கள். காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பலில் மக்காச்சோளம் ஊன்றி, இரண்டு மூன்று விளைச்சலுக்குப் பிறகு நிலத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடும் முறை அது. அந்த முறையில் ஒரு குடும்பத்துக்கு நிறைய நிலம் வேண்டும். எனவே மக்கள் நெருங்கி வாழ முடியாது. அப்படியானால் பெரிய கோயில் வளாகங்கள் பூசாரிகள் மட்டும் இருந்த இடங்கள், மக்கள் விழாக்களுக்கு வந்து போனார்கள் என்று எரிக் தாம்ப்சன் போன்றவர்கள் எழுதினார்கள். கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு தொல்லியலாளர் கோர்டன் வில்லி 1953 முதல் 1956 வரை பெலிஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோயில்களை விட்டுவிட்டுச் சாதாரண வீட்டுமேடுகளைத் தேடிப் போனார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு 1956இல் திக்காலில் வேலை தொடங்கி, காட்டுக்குள் நீண்ட பட்டைகளாக நடந்து மேடுகளை வரைபடத்தில் ஏற்றியது. வீடுகள் வந்துகொண்டே இருந்தன. மில்பா மட்டும் தாங்கக்கூடிய கூட்டத்தைவிட அது பெரியது என்பது கணக்குப் போட்டவர் எவருக்கும் தெரிந்தது.

திக்காலில் அப்படி நடந்தவர்களில் ஒருவர் டென்னிஸ் புலஸ்டன். உணவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. ரமோன் மரத்தின் கொட்டைகள் மக்களைத் தாங்கியிருக்கலாம் என்று முதலில் வாதாடினார். அதற்குள் புவியியலாளர் ஆல்ஃபிரட் சீமென்ஸ் 1968இல் மெக்சிகோவின் காம்பெச்சே மாநிலத்தில் கண்டெலாரியா ஆற்றின் மேல் பறந்தபோது கரையோரச் சதுப்பில் மேட்டுப்பாத்திகளின் தடங்களைக் கண்டார். 1972இல் இருவரும் சேர்ந்து அதைப் பற்றி எழுதிய கட்டுரைதான் என் துறையின் தலைவாசல். புலஸ்டன் பிறகு ரியோ ஹோண்டோவில் ஆல்பியன் தீவுக்கு வந்து சான் அந்தோனியோ கிராமத்தருகே சதுப்பை வெட்டிப் பார்த்தார். அதோடு நிற்கவில்லை. பழைய முறையிலேயே ஒரு பாத்தியை எழுப்பிப் பயிர் வைத்தும் பார்த்தார். நீரில் ஊறிக் கிடந்ததால் மரப்பிடி மட்காமல் கிடைத்த ஒரு கற்கோடரி அவர் பெயராலேயே அறியப்படுகிறது. 1978 ஜூனில் சிச்சென் இட்சாவின் பெரிய பிரமிடின் உச்சியில் நின்றிருந்தபோது மின்னல் தாக்கி இறந்தார். அப்போது அவருக்கு 38 வயதுகூட முடிந்ததோ இல்லையோ. அவர் தொடங்கிய வாதத்தைத்தான் நாங்கள் இன்றும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இனி குழிக்கு வருகிறேன்.

வேலை கோடையில்தான். பிப்ரவரி பிறந்தால் மழை விடும். மே கடைசியில் மறுபடி பிடித்துக்கொள்ளும். அந்த இடைவெளியிலும் இரண்டு முழம் தோண்டினால் நீர் ஊறும். ஆகவே டீசல் பம்பு இல்லாமல் குழி இல்லை. வாய்க்காலையும் அதன் இருபக்கப் பாத்திகளையும் ஒரே வெட்டில் காட்டும்படி நீளமாக, கோட்டுக்குச் சரியாகக் குறுக்கே வெட்டுவோம். கோணலாக வெட்டினால் வாய்க்காலின் அகலம் பொய் சொல்லும். பக்கச் சுவர்களைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். ஊறிய களிமண் சொல்லாமல் கொள்ளாமல் சரியும். ஒரு மூலையில் பள்ளம் பறித்து அதில் பம்பின் குழாயை இறக்கிவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்ளேயே பேசி, வரைந்து, மண் எடுத்து நாளை முடிப்போம். வாள்போல் இலை அறுக்கும் கோரை, தொட்டால் தோல் கொப்பளிக்கும் செச்செம் மரம், மஞ்சள் தாடைப் பாம்பு என்று மற்றவை எல்லாம் உண்டு. அவற்றைப் பற்றிப் பயணக் கதை எழுதுகிறவர்கள் எழுதியாகிவிட்டது.

சுவரைக் கரணையால் சீவிச் சுத்தப்படுத்திய முதல் சில நிமிடங்கள்தான் முக்கியமானவை. காற்றுப் படாமல் ஆயிரம் ஆண்டு கிடந்த மண் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் எழும். மண்ணிலிருக்கும் இரும்பு காற்றைக் கண்டதும் துருவேறத் தொடங்கும். மதியத்துக்குள் அதே சுவர் வேறு நிறமாகிவிடும். எனவே மன்செல் வண்ணப் புத்தகத்தை வைத்து நிறக் குறியீடுகளைக் காலையிலேயே எழுதிவிட வேண்டும். உணவு இடைவேளைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பார்க்க எதுவும் இருக்காது.

ரியோ பிராவோ ஆற்றோரம் ‘சொர்க்கப் பறவைகள்’ என்று பெயரிட்ட வளாகத்தில் சுவர் ஏறத்தாழ இப்படி இருக்கும். மேலே வேரும் மக்கலும் கலந்த கறுப்பு மண். அதன்கீழ் வெளிறிய சாம்பல் நிறத்தில் தடித்த அடுக்கு. வெயில் சாய்வாக விழும்போது அதில் பொடிப்பொடியாக மினுங்கும். ஒன்றரை மீட்டரை ஒட்டி மறுபடி ஒரு கறுப்பு மண் வரும். அது ஒரு காலத்தில் மேல்மண்ணாக இருந்து பிறகு புதைந்துபோன நிலம். அதற்கும் கீழே வெள்ளைச் சுண்ணாம்பு மண். உள்ளூரார் சஸ்காப் என்பார்கள். இந்த அடுக்குகளை மேலிருந்து அறுத்துக்கொண்டு வாய்க்கால் இறங்குகிறது. அதை அடைத்திருக்கும் மண் கறுத்து, மெத்தென்று, ஆப்பிள் நத்தை ஓடுகளால் நிறைந்திருக்கும்.

அந்தச் சாம்பல் அடுக்குதான் பெரிய வழக்கு. இதை மனிதர் கூடையில் அள்ளி வந்து கொட்டினார்களா, அல்லது நீர் கொண்டுவந்து சேர்த்ததா?

பையில் எப்போதும் ஒரு சிறு புட்டியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். சுண்ணாம்பு மண்ணில் ஒரு துளி விட்டால் நுரைத்துப் பொங்கும். அந்த மினுங்கும் அடுக்கில் விட்டால் ஒன்றும் நடக்காது, அல்லது ஏதோ கடனுக்கு நாலு குமிழ் வரும். அது ஜிப்சம். இந்தப் பகுதி நிலத்தடி நீரில் கால்சியமும் சல்பேட்டும் கரையக்கூடிய எல்லை வரை கரைந்திருக்கின்றன. வாயில் வைத்தால் கசக்கும். தேநீர் போட்டால் குடிக்க முடியாது. கோடையில் அந்த நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி ஆவியாகும்போது ஜிப்சத்தைப் படிகமாக விட்டுச்செல்கிறது. நூற்றாண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் நிலமே தானாக உயரும். வெள்ளம் கொண்டுவரும் வண்டலும் அதோடு சேரும்.

எங்களோடு வேலை செய்த யுகடெக் மாயா பெரியவர் ஒருவரை எல்லோரும் ‘டோன்’ என்றே மரியாதையாக அழைப்போம். அவரிடம் அமிலப் புட்டி இல்லை. ஒரு கட்டியை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்குவார், மூக்கருகே கொண்டுபோவார், பிறகுதான் பேசுவார்.

“டாக்டர், இது கொட்டின மண்ணு இல்லே.”

“எப்படிச் சொல்றீங்க, டோன்?”

“கொட்டினதுன்னா கட்டி கட்டியா கிடக்கும். வெள்ளை ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம். கீழ் மண்ணு மேலே வந்திருக்கும். இது சீரா இருக்கு பாருங்க. தண்ணியோட வேலை.” பிறகு வாய்க்காலின் விளிம்பை ஒட்டி ஒரு கை அகலத்துக்கு வேறுபட்டுக் கிடந்த மண்ணைக் காட்டினார். அங்கே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் கறுப்பு மண்ணுக்குள் தாறுமாறாகப் புதைந்திருந்தன. “இதுதான் வெட்டிப் போட்டது. வாய்க்கால் தோண்டினவன் பக்கத்திலேயே வீசிட்டுப் போயிருக்கான்.”

மில்பாவில் கிணறு தோண்டியும் வரப்பு கட்டியும் வளர்ந்த கண் அது. பின்னால் ஆய்வகத்தில் மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோதும் அதே வேறுபாடுதான் தெரிந்தது. மனிதன் புரட்டிய மண்ணில் அடுக்குகள் முறிந்து கிடக்கும். படிந்த மண்ணில் முறியாது. குழியில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

இந்த வேறுபாட்டின் மேல்தான் என் துறையின் நீண்ட சண்டை நடந்தது. பி. எல். டர்னரும் பீட்டர் ஹாரிசனும் வடபெலிஸின் புல்ட்ரவுசர் சதுப்பில் 1979இலிருந்து செய்த வேலையை 1983இல் நூலாக வெளியிட்டார்கள். அவர்கள் பார்வையில் பாத்திகளின் புள்ளி புள்ளியான சாம்பல் மண், மனிதர் கொண்டுவந்து கொட்டி உயர்த்தியது. மேரி போல், கெவின் போப் முதலானோர் ஆல்பியன் தீவிலும் சுற்றுப்புறத்திலும் வெட்டிப் பார்த்துவிட்டு வேறு கதை சொன்னார்கள். புள்ளிகள் ஜிப்சத்தாலும் மண்ணின் இயல்பான மாற்றங்களாலும் வந்தவை. மக்கள் இங்கே வந்தது வெகு முன்பே. ஈரநிலத்தின் ஓரங்களில் பயிரிட்டார்கள். நீர்மட்டம் ஏறத் தொடங்கியதும் கி.மு. 1000ஐ ஒட்டி வடிகால் வெட்டிச் சமாளித்தார்கள். நீர் மேலும் ஏறவே பல இடங்களை விட்டுப் போனார்கள் என்றார்கள். 1990களில் இந்தச் சண்டை சூடாக இருந்தது. மாநாடுகளில் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் பக்கத்தில் உட்காருவார்கள்.

குழிகளில் இத்தனை காலம் நின்ற பிறகு என் கருத்தைச் சொல்கிறேன். ‘மாயா ஈரநில வேளாண்மை’ என்று ஒரே பொருளாகப் பேசுவது தவறு. ஒவ்வொரு சதுப்பும் தன் சொந்தக் கணக்கில் உயர்ந்திருக்கிறது. கடல்மட்டம் ஏறியதால் கடலோரச் சமவெளியின் நிலத்தடி நீரும் ஏறியது. மேட்டுநிலக் காடுகளை மக்கள் வெட்டியதால் மண் அரித்து இறங்கிப் பள்ளங்களை நிரப்பியது. குவாத்தமாலாவின் பெட்டென் பகுதி ஏரிகளின் அடியில் கிடக்கும் அந்தத் தடித்த களிமண் அடுக்குக்கு ‘மாயா களிமண்’ என்றே பெயர். ஜிப்சம் தன் பங்குக்குப் படிந்தது. இந்த மூன்றும் சேரும் விகிதம் ஒவ்வோர் ஆற்றுக்கும் மாறும். டிமத்தி பீச்சும் ஷெரில் லுசாடர்-பீச்சும் ரியோ பிராவோவில் ஆண்டுக்கணக்கில் நீரையும் மண்ணையும் அளந்து காட்டியது இதைத்தான். அங்கே பழைய நிலம் ஜிப்சத்தாலும் வண்டலாலும் மூடிப்போனது. பிறகு செவ்வியல் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ கி.பி. 600க்கும் 900க்கும் இடையில், மக்கள் அந்தப் புதிய பரப்பின்மேல் வந்து நின்று அதை வெட்டினார்கள்.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர், அப்படியானால் மாயாக்கள் பாத்திகளை எழுப்பவில்லையா, வெறும் சாக்கடைதான் தோண்டினார்களா என்று ஏமாற்றத்தோடு கேட்பார்கள். எனக்கு அதில் ஏமாற்றம் துளியும் இல்லை. பாட்டன் உழுத மண் காலடியில் ஒரு மீட்டர் ஆழத்தில் புதைந்து கிடக்க, கசக்கும் நீர் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வர, அந்த நிலத்தைக் கைவிடாமல் கல் மண்வெட்டியால் வாய்க்கால் வாய்க்காலாக அறுத்து நீரை இறக்கி, வாரிய சேற்றை உரமாக மேலே போட்டு, கோடையிலும் ஒரு போகம் எடுத்தவர்களை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. இரும்பு இல்லை, வண்டி இல்லை, உழவு மாடு இல்லை. அத்தனையும் மனித முதுகு.

மேலிருந்து மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டுவதால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1981இல் தொல்லியலாளர் ரிச்சர்ட் ஆடம்ஸும் உடன் பணியாற்றியவர்களும் நாசா ரேடார் படங்களைக் கொண்டு பெட்டென் முழுவதும் வாய்க்கால் வலைப்பின்னல் பரவியிருக்கிறது என்று ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். மேகத்தையும் காட்டையும் துளைத்துப் பார்க்கும் கருவி, உலகமே வியந்தது. ஆனால் பெரும்பாலான வாய்க்கால்களின் அகலம் சில மீட்டர்தான். அந்த ரேடாருக்கு அவ்வளவு நுணுக்கமான பார்வை கிடையாது. 1989இல் போப்பும் புரூஸ் டாலினும் படங்களையும் நிலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, அந்தக் கோடுகளில் பெரும்பகுதி வாய்க்கால் அல்ல என்று காட்டினார்கள். ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கும் சதுப்புகளில்தான் இந்த வகைப் பாத்திகள் அமைகின்றன. மழையில் குளமாகிக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் உள்நாட்டுப் பள்ளங்களில் அவற்றை எதிர்பார்ப்பதே சிரமம். அதற்காக ஆடம்ஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் எழுப்பிய கேள்வியால்தான் பலரும் சதுப்புகளுக்குள் போனார்கள்.

இனி காலம் கணிப்பது. இதில்தான் புதிதாக வருகிற பிள்ளைகளை அதிகம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வாய்க்கால் அடைப்பில் நத்தை ஓடு கைநிறையக் கிடைக்கும். அதை ரேடியோகார்பன் சோதனைக்கு அனுப்பிவிடலாம் என்று ஆசை வரும். கூடாது. சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு வரும் நீரில் வாழும் நத்தை, பல கோடி ஆண்டுப் பழமையான கார்பனைத் தன் ஓட்டில் சேர்த்துக்கொள்கிறது. நேற்றுச் செத்த நத்தையும் நூற்றாண்டுகள் மூத்ததாகக் காட்டும். பெரிய மரக்கரியிலும் சிக்கல் உண்டு. நடுவயிரத்தின் வயதுக்கும் அதை வெட்டி எரித்த நாளுக்கும் இடையே இருநூறு ஆண்டு இருக்கலாம். சுள்ளி, விதை, இலைத்தண்டு போன்ற ஓராண்டு உயிர்கள் கிடைத்தால்தான் நம்பிக்கையாகப் பேச முடியும். வாய்க்காலின் அடித்தரையில் கிடப்பது அது வெட்டப்பட்ட பிறகு விழுந்தது. எனவே வெட்டிய காலம் அதற்கு முந்தியது. வாய்க்கால் அறுத்துச் செல்லும் அடுக்கில் இருப்பது வெட்டுவதற்கு முந்தியது. இரண்டுக்கும் நடுவில்தான் பதில் இருக்கும். ஆனால் வாய்க்காலைத் தூர்வாரியிருப்பார்கள். நல்ல விவசாயி ஆண்டுதோறும் வாருவான். அப்போது அடியில் நமக்குக் கிடைப்பது கடைசியாகத் தூர்வாரிய ஆண்டுக்குப் பிந்தியதுதான். கைவிட்ட காலம் தெளிவாகத் தெரியும். தொடங்கிய காலம் எப்போதும் மங்கலாகவே இருக்கும்.

என்ன பயிரிட்டார்கள் என்பதை மகரந்தம் சொல்லும். மக்காச்சோள மகரந்தம் பருமனானது, கனமானது. செடியை விட்டு வெகுதூரம் போகாது. அது ஒரு மண்ணில் இருந்தால் வயல் பக்கத்தில் இருந்தது என்று துணிந்து சொல்லலாம். மரவள்ளியின் மகரந்தம் அதைவிட அரிது. பூச்சி சுமக்கும் வகை அது. காற்றில் பறந்து வந்து சதுப்பில் விழாது. நம் ஊரில் குச்சிக்கிழங்கு என்று அவித்துத் தின்கிறோமே, அதுதான் இந்த மரவள்ளி. கோல்ஹா என்ற தொல்லூரை ஒட்டிய கோப்வெப் சதுப்பின் அடிமண்ணில் ஜான் ஜோன்ஸ் மரவள்ளி, மக்காச்சோளம் இரண்டின் மகரந்தத்தையும் கண்டார். வடபெலிஸில் இந்தப் பயிர்களின் தடம் கி.மு. 3000க்கும் முன்னே போகிறது. பானை செய்யும் ஊர்கள் எழுவதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே அங்கே யாரோ தோட்டம் போட்டிருக்கிறார்கள். அந்த மகரந்தத்தைப் பார்க்க, மண்ணை அமிலங்களில் கரைத்துக் கரைத்துக் கடைசியில் ஒரு சொட்டு எச்சத்தை எடுத்து, நுண்ணோக்கியில் வாரக்கணக்கில் எண்ண வேண்டும். பொறுமைசாலிகளின் வேலை, நான் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி.

மண்ணின் கார்பன் ஐசோடோப்பும் துணைக்கு வரும். காட்டு மரங்களின் மட்கு ஒரு விகிதத்திலும், மக்காச்சோளமும் வெப்பமண்டலப் புற்களும் விட்ட மட்கு வேறு விகிதத்திலும் இருக்கும். புதைந்த கறுப்பு மண்ணில் விகிதம் சோளத்தின் பக்கம் சாய்ந்தால் நல்ல குறி. ஆனால் சதுப்பில் இயல்பாக வளரும் சில புற்களும் அதே விகிதத்தைத் தரும். அதனால் ஒரே சான்றை நம்பி நான் எதையும் எழுதுவதில்லை.

இந்த வயல்களில் உழைத்தவர்கள் எங்கே படுத்து உறங்கினார்கள் என்பதும் சேர்ந்ததுதான் ஆய்வு. புல்ட்ரவுசர் சதுப்பின் கரையில் கஷோப் என்ற ஊரைப் பட்ரிஷியா மக்கானி அகழ்ந்தார். என்னைக் கேட்டால், மாயா வரலாற்றில் ஒரே ஓர் இடத்தைப் படிக்க நேரமிருப்பவர்கள் திக்காலை விட்டுவிட்டு கஷோப்பைப் படிக்கலாம். கி.மு. 800ஐ ஒட்டி அங்கே சுண்ணாம்பும் மண்ணும் கலந்து மெழுகிய தரைகள் கொண்ட வீடுகள் எழுந்தன. இறந்தவரைத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். மேலே மறுபடி மெழுகி வாழ்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தரைமேல் தரை ஏறியது. சில இடங்களில் வீடாக இருந்தது மெல்ல மெல்லச் சிறு கோயிலாயிற்று. மூதாதையர் கிடக்கும் இடம் என்பதே நிலத்தின் மேலுள்ள உரிமைக்குச் சாட்சி என்பது மக்கானியின் வாதம். வாய்க்கால் குழிகளில் நின்று பார்க்கும் எனக்கு அது முழுக்கப் பொருந்துகிறது. எட்டு மாதம் நீர், நாலு மாதம் சேறு என்றிருக்கும் நிலத்தை யாரும் சும்மா வந்து வெட்டிவிட்டுப் போவதில்லை. ஆண்டுதோறும் தூர்வார வேண்டிய சொத்து அது. என் பிள்ளையும் இங்கேதான் இருப்பான் என்று நினைப்பவன்தான் அத்தனை மண்ணைத் தூக்குவான். வீட்டின் கீழே பாட்டி, வாசலுக்கு எதிரே வாய்க்கால். நில உரிமை எப்படிப் பிறந்தது என்று அரசர் எழுத்துகளில் தேடுகிறோம். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே அது இந்தத் தரைகளுக்கு அடியில் இருக்கிறது.

கருவிகளும் அந்த ஊர்களை ஒன்றோடொன்று கட்டுகின்றன. கோல்ஹாவில் நல்ல தீக்கல் கிடைக்கும். அங்கே தொழில்முறையாகக் கோடரிகளும் முட்டை வடிவக் கருவிகளும் செய்து குவித்தார்கள். கழிவுச் சில்லுகள் மட்டும் மேடுமேடாகக் கிடக்கின்றன. புல்ட்ரவுசர் ஓரத்து வீடுகளில் கிடைப்பவை முழுக் கருவி செய்த கழிவு அல்ல, மழுங்கியதைத் தீட்டித் தீட்டி உதிர்ந்த சிறு சில்லுகள். ஒரு ஊர் செய்தது, இன்னொரு ஊர் தேய்த்தது. மண்வெட்டியாகப் பயன்பட்ட கல்லின் விளிம்பில் மண் உரசிய பளபளப்பு இன்றும் விரலுக்குத் தெரியும்.

2016இல் விமானத்தில் பொருத்திய லேசர் அளவி, அதாவது லிடார், ரியோ பிராவோ பகுதியில் 250 சதுர கிலோமீட்டரை அளந்தது. காட்டின் இலைகளுக்கு இடையே புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும் ஒளித்துடிப்புகளைக் கொண்டு மரங்களை நீக்கிய வரைபடம் வந்தது. ‘சொர்க்கப் பறவைகள்’ வளாகம் நாங்கள் அறிந்திருந்ததைப்போல் ஐந்து மடங்கு பெரிது என்று அது காட்டியது. அதைவிடப் பெரிய இன்னொரு வயல் தொகுதியும் வெளியே வந்தது. 2019இல் அந்த முடிவுகள் அச்சாயின. அதே ஆண்டு, அதாவது 2016இல், குவாத்தமாலாவில் 2,144 சதுர கிலோமீட்டரில் நடந்த அளவையில் 61,480 கட்டுமானங்கள் எண்ணப்பட்டன. கி.பி. 650 முதல் 800 வரையான காலத்தில் நடுத் தாழ்நிலங்களில் 70 லட்சம் முதல் 1 கோடியே 10 லட்சம் பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் 2018இல் கணக்கிட்டார்கள். எண்ணிக்கை கூடலாம், குறையலாம். தாம்ப்சன் காலத்து வெறிச்சோடிய சடங்கு நகரம் திரும்பி வரப்போவதில்லை.

லிடார் ரேடாரைவிட எத்தனையோ மடங்கு கூர்மையானது. ஆனாலும் அந்த வரைபடத்தைப் பார்த்த உடனே எங்கள் குழு செய்தது, எங்கே வெட்டுவது என்று இடம் குறித்ததுதான். கோடு எந்த அடுக்கை அறுக்கிறது, அதில் நீர் எந்தத் திசையில் ஓடியது, எப்போது நின்றது என்று லேசர் சொல்லாது.

அவசரமும் இருக்கிறது. 1958 முதல் புளூ கிரீக்கில் குடியேறிய மென்னனைட் சமூகத்தார் காட்டைத் திருத்திக் கால்நடை வளர்க்கிறார்கள், நெல்லும் விளைவிக்கிறார்கள். மற்றப் பக்கங்களில் கரும்பு பரவுகிறது. காடு நீங்கிய முதல் சில ஆண்டுகளில் பழைய வாய்க்கால்கள் தெள்ளத்தெளிவாகத் தெரியும். வாய்க்கால் அடைப்பின் மேல் புல் வேறு பச்சையில் நிற்கும். டிராக்டர் ஆழ உழுது, நிலத்தைச் சமன் செய்து, புதிய வடிகால் குறுக்கே போனதும் அவை போய்விடும். உழுகிறவர்களும் உழவர்கள்தான், அவர்களுக்கும் வயிறு உண்டு. அவர்களில் பலர் அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் நடுவே எங்களைக் குழி வெட்ட விட்டிருக்கிறார்கள். டிராக்டர் எங்கே புதைகிறது என்று தாங்களே காட்டியிருக்கிறார்கள். அந்த இடம் பெரும்பாலும் வாய்க்காலாகத்தான் இருக்கும். ஆழ உழுவதற்கு முன் ஒவ்வொரு சதுப்பிலும் குறைந்தது ஒரு குறுக்குக் குழியாவது வெட்டி மண் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று நான் போகும் இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பம்பு, நாலு ஆள், ஒரு வாரம். அதற்குமேல் செலவில்லை.

2024 நவம்பரில் இன்னொரு செய்தி வந்தது. எலினர் ஹாரிசன்-பக் குழுவினர், பெலிஸின் க்ரூக்கட் ட்ரீ சரணாலயச் சதுப்பில் நெளிந்து நெளிந்து செல்லும் மண் வாய்க்கால்களையும் குளங்களையும் ஆய்ந்து, அவை மீன் பிடிப்பதற்கென்று வெட்டியவை என்றும், கி.மு. 2000ஐ ஒட்டித் தொடங்கியவை என்றும் எழுதினார்கள். பெருவெள்ளம் வடியும்போது மீன்களை வழிமறித்துக் குளங்களில் சேர்க்கும் ஏற்பாடு. கோயிலும் அரசனும் பானையும் வருவதற்கு முன்னே, தாழ்நில மக்கள் சதுப்பை இத்தனை பெரிய அளவில் வெட்டியிருக்கிறார்கள். பயிருக்காக அல்ல, மீனுக்காக.

இதைப் படித்த அன்றே பழைய விமானப் படங்களை மறுபடி எடுத்துப் பரப்பி வைத்தேன். நேர்கோடுகளைத்தான் இதுவரை நாங்கள் தேர்ந்தெடுத்து வெட்டிவந்தோம். நெளியும் கோடுகளை ஆற்றின் பழைய தடம் என்று பெரும்பாலும் ஒதுக்கினோம். இப்போது அவற்றைத் தனி வண்ணத்தில் குறித்திருக்கிறேன். மழை முடிந்ததும் அவற்றில் முதலாவதன் குறுக்கே வெட்டுகிறோம். வழக்கமான மண் மாதிரிகளோடு இந்த முறை நுண்ணிய சல்லடைகளும் போகின்றன. வாய்க்கால் அடியின் சேறு முழுவதையும் ஒரு வாளிகூட விடாமல் அலசி, மீன்முள் இருக்கிறதா என்று பார்ப்பதாகத் திட்டம்.